ஏழு அங்குலம்

எங்கள் வீட்டு ஜீப்பை நான் ஏழு அங்குலம் உயர்த்தினேன். 2009ஆம் ஆண்டு மே மாதம். அப்போது இயந்திரவியல் பொறியியலில் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். "மாணவ காலத்தில் செய்த ஏதாவதொன்றைப் பற்றி எழுதுங்கள் அண்ணா" என்று மலர்க் குழுத் தம்பி கேட்டதும், மேடையில் பேசியது, நாடகம் போட்டது எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. இந்த ஏழு அங்குலம்தான் வந்தது.

ஜீப் என்று நாங்கள் சொன்னாலும் அது சுசுகி எஸ்ஜே410. நம் ஊரில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி எதுவானாலும் ஜீப்தான். 970 சிசி எஞ்சின், நான்கு கியர், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். 45 குதிரைத்திறன் என்று புத்தகத்தில் இருக்கும். எங்கள் வண்டியில் எத்தனை குதிரை மிச்சம் இருந்தனவோ தெரியாது. தாப்பாவுக்குப் பக்கத்தில் குன்றின் பின்சரிவில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம். டுரியான், வாழை, ஓரத்தில் கொஞ்சம் கிழங்கு. தோட்டத்து வேலையில் இருந்து சேமித்த பணத்தில் 1994இல் பழைய வண்டியாக இதை வாங்கினார். நிலத்துக்குப் போகும் செம்மண் பாதை ஒன்றரை மைல். வெயில் காலத்தில் சைக்கிளே போகும். மழை பெய்தால் சோப்புக் கட்டிதான்.

2008 டிசம்பரில் ஒரு நாள் மாலை, உர மூட்டையோடு நானும் அப்பாவும் அந்தப் பாதையில் மாட்டிக்கொண்டோம். லாரி ஓடி ஓடிச் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் மண் மேடாக நின்றது. ஜீப்பின் பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு குண்டு இருக்குமே, அந்தக் கியர் பெட்டி மேட்டில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் நான்கும் சும்மா சுற்றின. நான் ஸ்டீயரிங்கில். அறுபது வயது அப்பா முழங்கால் சேற்றில் நின்று பின்னாலிருந்து தள்ளினார். சாக்கு, பலகை, கல் எல்லாம் போட்டுப் பார்த்து, இருட்டிய பிறகுதான் வெளியே வந்தோம். அப்பாவின் இடது முழங்கால் பல ஆண்டுகளுக்கு முன்பே தோட்டத்தில் விழுந்து கெட்டது. அன்றிரவு அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். இந்த வண்டி இனி எங்கும் மாட்டக் கூடாது.

முடிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒளிக்க என்ன இருக்கிறது? விடுதியில் என் அறைத் தோழன் நான்கு சக்கர இயக்க வண்டிப் பைத்தியம். லூயிஸ் வீ 1997இல் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் பந்தயத்தின் ஒளிப்பதிவுகளை இரவெல்லாம் போட்டுக் காட்டுவான். ஆண்டு இறுதி அடைமழையில் காட்டுக்குள் போகும் அந்த வண்டிகளின் டயர் உயரத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதி அப்பாவுக்காக, பாதி எனக்காக.

இந்த வேலையைப் பற்றி அறியாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை உயர்த்துவது வேறு, அச்சை உயர்த்துவது வேறு. ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். அச்சும் அதன் நடுவிலுள்ள பூசணிக்காயும் இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை மண்ணிலிருந்து தூக்க ஒரே வழி பெரிய டயர். அதுவும் பாதிக் கணக்குத்தான்: டயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் அச்சுக்குக் கிடைக்கும். எங்கள் பழைய டயர் 195/80 ஆர்15, விட்டம் 693 மில்லிமீட்டர். நான் ஆசைப்பட்டது 31 அங்குல டயர், 787 மில்லிமீட்டர். வித்தியாசம் 94. அச்சுக்குக் கிடைப்பது 47, அதாவது இரண்டு அங்குலம்கூட இல்லை. அந்த இரண்டு அங்குலத்துக்காக மட்காப்பில் இடிக்காமல் டயருக்கு இடம் வேண்டும். அதற்காக உடலை ஐந்து அங்குலம் தூக்க வேண்டும்.

எஸ்ஜே410இல் ஸ்பிரிங் அச்சுக்குக் கீழே இருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றி வைத்துவிட்டால் வண்டி ஏறக்குறைய ஐந்து அங்குலம் எழும்பிவிடும். கேட்க எளிதுதான். எங்களூர்ப் பட்டறையில் இருந்த சீன ஃபோமேன் அங்கிள், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். நான் வரைந்து கொண்டுபோன படத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, ஒசத்துறது ரெண்டு நாள் வேல. அதுக்கப்பறம் வண்டி ஒன்னு ஒன்னா கேக்கும். அதெல்லாம் குடுக்கிறதுதான் வேல."

பிறகு, "அப்பாகிட்ட கேட்டாச்சா?" என்றார்.

"கேட்டாச்சு அங்கிள்" என்றேன். கேட்கவில்லை. வண்டிக்குச் சர்வீஸ் பார்க்கிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

பணம், என் உயர்கல்விக் கடனில் அடுத்த பருவத்துக்கென்று ஒதுக்கி வைத்தது. பழைய டயர், ரிம் நான்கும் 1,600 வெள்ளி. மொத்தம் 3,400 வெள்ளி ஆயிற்று. கடைசித் தவணை கட்டி முடித்தது 2016இல். அதுவரை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் கழியும்போதெல்லாம் டயர் ஞாபகம் வரும்.

அங்கிள் சொன்னபடியே வண்டி கேட்க ஆரம்பித்தது. அச்சின் மேல் ஸ்பிரிங் உட்காரப் புது இருக்கைகள் பற்றவைத்தார். உடல் மேலே போனதும் பிரேக் ரப்பர் குழாய் எட்டவில்லை. நீளமான குழாய் போட்டார். பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு குட்டையாகிவிட்டது. இடையில் ஒரு கட்டை இரும்பு வைத்துப் போல்ட் போட்டார். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி ஸ்பிரிங்கில் இடித்தது. இடிக்காமல் விட்டாலும், கம்பி அவ்வளவு சாய்வாக நின்றால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகவே ஒடியும். ஆகவே இசட் எழுத்துப்போல வளைந்த கம்பி. ஒவ்வொன்றையும் முடித்து அவர் என்னைப் பார்க்கும்போது நான் பணப்பையைத் தடவிப் பார்ப்பேன்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் அமைப்பை இப்படி மாற்ற ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அப்படி. நான் அனுமதி வாங்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பெரிய சாலையில் லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக என் கண். உலகமே கொஞ்சம் கீழே இறங்கியதுபோல் இருந்தது. அந்த மகிழ்ச்சி முதல் மேடு வரைக்கும். நான்காவது கியரில் ஏறிய மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது. டயர் பெரிதானால் எஞ்சின் பார்க்கும் கியர் மாறிவிடும். அச்சிலுள்ள 4.11 விகிதம் இப்போது 3.62 இருப்பதுபோல் நடந்துகொள்ளும். 45 குதிரைக்கு அது பெரிய சுமை. வேகமானியும் பொய் சொன்னது. அது தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதைத்தான் எண்ணும். டயர் பெரிதானது அதற்குத் தெரியாது. முள் 80 காட்டினால் வண்டி 91இல் போகும். பிரேக்தான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். அதே பிரேக், ஆனால் சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டதால் தரையில் கிடைக்கும் பிடி 12 விழுக்காடு குறைவு. போதாததற்கு, சுழலும் எடையும் அதிகம். தாப்பா விளக்குச் சந்திப்பில் வெள்ளைக் கோட்டைத் தாண்டித்தான் நின்றேன்.

இதையெல்லாம் பாடமாகப் படித்துத் தேர்வில் எழுதியவன்தான் நான்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் தண்ணீர்க் குழாயருகே கை கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது அவர் இடுப்புக்கு வந்தது. பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்தார். நம் ஊர் வண்டியில் வலப்பக்கக் கதவால் ஏறும்போது இடது காலைத்தான் முதலில் உள்ளே வைக்க வேண்டும். அப்பா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினார். பாதம் படியளவுகூட எழவில்லை. மறுபடி தூக்கினார். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு, தூசி தட்டுவதுபோல் இருக்கையைத் தட்டினார்.

"நல்லாருக்குடா. டயரு புதுசா?"

"பழசுதான்பா. எழுபது விழுக்காடு பூ இருக்கு."

"ம்" என்றார். கதவைச் சாத்தினார்.

நான் அவரை ஏற்றிவிட்டிருக்கலாம். கை கொடுத்திருக்கலாம். ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்காமல் சேக்கலைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். (சேக்கலுக்குத் தமிழில் என்ன என்று மலர்க் குழுவினர் கேட்க வேண்டாம். பட்டறையில் எல்லாரும் சேக்கல் என்றுதான் சொன்னார்கள்.) நான்கு நாள் கழித்துத் தொழிற்பயிற்சிக்கு ஷா ஆலாம் போய்விட்டேன்.

ஜூன் இறுதியில் அம்மாவிடமிருந்து தொலைபேசி. அப்பா மோட்டார் சைக்கிளில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

"மோட்டார்ல எங்க போனாரு?"

"எங்க போவாரு? பழம் உழுவுதுல்ல?"

டுரியான் பறிக்கிற பழம் அல்ல. தானாக விழும். விழுந்ததை அன்றன்று காலையில் பொறுக்காவிட்டால் அணிலும் பன்றியும் பங்குக்கு வரும். ஆறு மணிக்குப் போனால்தான் சந்தைக்கு ஆகும். அப்பா ஒரு மாதமாகப் பழைய கப்சாயில் இருபுறமும் கூடை கட்டி அந்தச் சோப்புக் கட்டிப் பாதையில் போய்வந்திருக்கிறார். ஜீப் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவரு சொல்ல வேணாம்னுட்டாரு. புள்ள ஆசையா செஞ்சிருக்கான்னாரு."

தொழிற்பயிற்சியில் விடுப்புக் கேட்டு அன்றிரவே பேருந்து ஏறினேன்.

மறுநாள் காலை பழம் பொறுக்க நான்தான் ஜீப்பை எடுத்தேன். அப்பாவைத் தூக்கி ஏற்றுகிறேன் என்றேன். மாவுக்கட்டுக் கையோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு நடந்தே வந்தார். ஒன்றரை மைல். பாதையில் அந்த நடு மேட்டை ஜீப் ஒன்றும் இல்லாததுபோல் தாண்டியது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கர்வமாகத்தான் இருந்தது. அந்தக் கர்வத்தில்தான், பின்பக்கம் ஆறு கூடைப் பழத்தோடு திரும்பும்போது, வழக்கமான வளைவுப் பாதையை விட்டுச் சரிவின் குறுக்கே இறங்கினேன். அப்பா பதினைந்து ஆண்டுகளில் ஒரு முறைகூட அந்த வழியில் போனதில்லை.

சரிவு இடப்பக்கம் இறங்கியது. பாதி தூரத்தில் வலது முன்சக்கரம் ஒரு வேர் மேல் ஏறியது. ஏறியது தெரிந்தது, இறங்கியது தெரியவில்லை. பின்னால் கூடைகள் இடப்பக்கம் சரிந்த சத்தம். இருக்கை என்னைக் கதவிலிருந்து உள்ளே தள்ளியது. கண்ணாடியில் வானம். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையில் இல்லை என்று உடம்புக்குப் புரிந்தது. என் கால் பிரேக்கை மிதித்திருந்தது. ஸ்டீயரிங்கை மேட்டுப் பக்கம் ஒடிக்கக் கை போனது.

"கீழ ஒடி! பள்ளத்த பாத்து ஒடிடா! பிரேக்க விடு!"

கீழே குடிசையருகே நின்ற அப்பாவின் குரல். அவர் கத்தி நான் கேட்டதேயில்லை. யோசிக்கவில்லை, இடப்பக்கம் ஒடித்தேன், பிரேக்கை விட்டேன். வண்டி மூக்கைக் கீழே திருப்பி, வலப்பக்கம் தொப்பென்று தரையில் விழுந்து, நேராகச் சரிவில் ஓடி இரண்டு வாழையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மேட்டுப் பக்கம் ஒடித்திருந்தால் புரண்டிருக்கும்.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். வண்டி புரள்வதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். எங்கள் வண்டிக்குச் சக்கர இடைவெளி ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் விடை 1. அதாவது 45 பாகைச் சாய்வில் புரளும். நான் உயர்த்தியதில் மையம் 14 சென்டிமீட்டர் மேலே போயிருக்கும். விடை 0.81, அதாவது 39 பாகை. புது ரிம் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றதால் ஓரிரு பாகை திரும்பக் கிடைக்கும். ஆனால் இது அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடுகிற வண்டியில் ஸ்பிரிங் அமுங்கும், டயர் பிதுங்கும், கூடை சரியும், நடுவில் ஒரு வேர் வரும். எண்கள் இன்னும் மோசமாகும்.

இந்த வகை வண்டிக்கு இந்தப் பேச்சு புதிதும் அல்ல. எங்கள் வண்டியின் அடுத்த தலைமுறையான சாமுராயை, 1988இல் அமெரிக்காவின் கன்சியூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், சோதனை ஓட்டத்தில் சக்கரம் தூக்கியது என்பதற்காக ஏற்கத்தக்கதல்ல என்று மதிப்பிட்டது. அந்தச் சோதனை நியாயமாக நடத்தப்படவில்லை என்று சுசுகி 1996இல் வழக்குப் போட்டு, 2004இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. யார் பக்கம் நியாயம் என்று வாதிட நான் வரவில்லை. எந்த மாற்றமும் செய்யாத வண்டியைப் பற்றியே எட்டு ஆண்டு வழக்கு நடத்த முடிந்தது. நான் அதைவிட உயரமான வண்டியின் பின்னால் ஆறு கூடை டுரியானையும் ஏற்றியிருந்தேன்.

வாழைக் கன்றுகளுக்கு நடுவே நான் இறங்கி உட்கார்ந்திருந்தபோது அப்பா வந்து சேர்ந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சிதறிய பழத்தைப் பார்த்தார்.

"பாதிப் பழம் அடிபட்டுருச்சு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இத ஒசத்த எவ்வளவு ஆச்சு?"

இந்த முறை பொய் சொல்லவில்லை. எங்கிருந்து வந்த பணம் என்பதையும் சொன்னேன். அவர் குடைக் கம்பியால் டயரிலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எறக்க எவ்வளவு ஆகும்?"

ஃபோமேன் அங்கிள் கூலி வாங்கவில்லை. சாமானுக்கு மட்டும் வாங்கினார். ஸ்பிரிங் பழையபடி அச்சுக்குக் கீழே போனது. 31 அங்குல டயர்களை அறைத் தோழனின் நண்பர் 900 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். அவற்றுக்குப் பதிலாக 235/75 ஆர்15 போட்டோம். விட்டம் 733 மில்லிமீட்டர், அச்சுக்கு 20 மில்லிமீட்டர் லாபம், வேகமானியில் பொய் 6 விழுக்காட்டுக்குள். அதற்கு இடம் கொடுக்க இரண்டு அங்குலம் நீளமான சேக்கல். சேக்கல் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும், ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது. அதனால் முன் அச்சு கொஞ்சம் திரும்பிப்போய், ஸ்டீயரிங் நேரே நிற்காமல் அலைந்தது. அங்கிள் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் ஆப்பு வடிவில் ஓர் இரும்புத் தகடு செருகிச் சரிசெய்தார். அனுமதி பற்றி இந்த முறை நானாகவே முதலில் விசாரித்தேன்.

வேலை முடிந்ததும் அங்கிளிடம் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைக் கேட்டு வாங்கி, ஓட்டுநர் பக்கக் கதவின் கீழே படி ஒன்று பற்றவைத்தேன். பற்றவைப்பு என் கைவேலை. அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க யுனிவர்சிட்டில இதெல்லாம் சொல்லிக் குடுக்கலயா?" என்று கேட்டு, அதன் மேலேயே இன்னொரு கோடு இழுத்தார்.

மாவுக்கட்டு பிரித்த வாரம் நான் மறுபடி ஊருக்குப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் ஜீப் இல்லை. நடந்து போனேன். பாதையின் நடு மேடு, எந்த மேட்டுக்காக நான் 3,400 வெள்ளி செலவழித்தேனோ அந்த மேடு, ஒரு முனையிலிருந்து நாற்பது ஐம்பது அடிக்கு வெட்டிச் சமப்படுத்தப்பட்டிருந்தது. வெட்டிய மண்ணை இரு பக்கத் தடத்திலும் போட்டு மிதித்திருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் மண்வெட்டியோடு குனிந்திருந்தார். அப்பா வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு இடது கையால் அவருக்கு அளவு காட்டிக்கொண்டிருந்தார். ஜீப் சற்றுத் தள்ளி, கதவு திறந்தபடி நின்றது. குழாய்ப் படியில் செம்மண் அப்பியிருந்தது, செருப்பின் அச்சோடு.

"வந்துட்டியா? அந்த இன்னொரு மம்பட்டிய எடு" என்றார் அப்பா.